துடக்குக்குள்ளே டயர் மாற்றலாமா?

அப்பா செத்த வீட்டில் டயருக்காகச் சண்டை பிடித்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும். அதுவும் கரம்பொனில் இருந்துகொண்டு, கனடாவில் ஓடுகிற ஒரு காரின் டயருக்காக. எங்கள் வீட்டில் கார் இல்லை. என்னிடம் ஒரு ஸ்கூட்டி இருக்கிறது, அதில்தான் ஊர்காவற்றுறையில் நான் வேலை பார்க்கிற கந்தோருக்குப் போய் வருகிறேன். அதன் டயரைக்கூடக் காற்றுப் போனால்தான் குனிந்து பார்ப்பேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் சத்தம் வரும், யோசனை பிறகுதான் வரும். இந்த விஷயத்தில் சத்தம் நிறைய வந்தது, யோசனை கடைசிவரை ஒழுங்காக வரவில்லை.

அப்பா ஒரு மழை நாளில் போய்ச் சேர்ந்துவிட்டார். நெஞ்சு நோகுது என்றார், ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை. எனக்கு ஒரே தம்பி, அவன் கனடாவில். வதிவிடப் பத்திரங்களைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடுவார்களோ தெரியாது என்று எல்லோரும் அவனை மறித்தார்கள், நானும்தான் மறித்தேன். சித்தப்பாவின் மகன் கொள்ளி வைத்தான். அதைத் தம்பி போனில் பார்த்தான். நாங்கள் பெண்கள் வாசல் படலையோடு நின்றுவிடுகிறவர்கள், சுடலைக்குப் போவதில்லை. ஆகவே பக்கத்தில் இருந்த நான் பார்க்காததை, கடல் கடந்து இருந்த அவன் பார்த்தான். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிறகு துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை செத்தவீட்டுக்காரருக்குத் துடக்கு. கோவிலுக்குப் போவதில்லை, மீன் இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சமைப்பதில்லை, நல்ல காரியம் ஒன்றும் தொடங்குவதில்லை, புதிதாய் எதையும் வாங்கி வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியதால் யாரும் இருந்து யோசிக்கிற விஷயம் இல்லை அது. எட்டாம் நாள், அப்பாவுக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்துப் படைத்து முடித்த களைப்பில் இருந்தபோதுதான் தம்பியின் மனைவி கனடாவிலிருந்து போன் எடுத்தாள். அங்கே காலை நேரம், அவன் மகளை நேர்சரியில் இறக்கிவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

“அக்கா, உங்கடை தம்பிக்கு நீங்கள்தான் சொல்லவேணும். டயர் மாத்தமாட்டன் எண்டு நிக்கிறார்.”

“என்ன டயர்?”

“வின்டர் டயர் அக்கா. இஞ்சை கோடைக்கு வேறை, குளிருக்கு வேறை. போன வருசம் போட்டது தேய்ஞ்சு போச்செண்டு எறிஞ்சாச்சு. இந்த முறை புதுசு போடவேணும். கடையிலை நாளும் எடுத்து வைச்சவர். இப்ப துடக்காம், புதுசு போடக்கூடாதாம். கடைக்குப் போன் பண்ணி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தவீட்டில் சிரிப்பது ஆகாது என்று வாயைப் பொத்திக்கொண்டேன். என்ரை தம்பியாவது, துடக்குக் காப்பதாவது! கோவில் திருவிழாவுக்கு வீடே மரக்கறி சாப்பிட, ஊர்காவற்றுறைக் கடையில் மீன் பணிஸ் தின்றுவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தவன் அவன். கனடாவுக்குப் போனபிறகு அமாவாசையாவது பௌர்ணமியாவது என்று திரிந்தவன்.

“சரி, அவன் சொல்லுறதும் சரிதானே. உள்ள டயரோடை ஓடட்டும், இன்னும் கொஞ்ச நாள்தானே” என்றேன். சும்மா வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. “உங்களுக்கு விளங்கேல்லை அக்கா. உள்ள டயர் குளிருக்கு இறுகிப்போகும். பனி கொட்டினாத்தான் எண்டில்லை, ரோட்டு காய்ஞ்சு கிடந்தாலும் குளிரிலை அந்த ரப்பர் கட்டையாப் போகும். ரோட்டைப் பிடிக்காது. வின்டர் டயர் எண்டா குளிரிலையும் மெத்தெண்டு இருக்கும், பனியைப் பிடிக்கச் சின்னச் சின்ன வெட்டும் இருக்கும். இல்லாட்டி, பிரேக் அடிச்சா சில்லு நிக்கும், கார் நிக்காது. பின்சீட்டிலை பிள்ளை இருக்கிறாள் அக்கா.”

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து கிடக்குமே, அப்படியோ என்று கேட்டேன். ஓம், கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள். அது எனக்கு விளங்கியது. ஆனால் சில்லு நிற்கும், கார் நிற்காது என்றாளே, அதுதான் மண்டைக்குள் ஏறவில்லை. சில்லு நின்றால் கார் நிற்கத்தானே வேண்டும்? காருக்கு வேறு கால் இருக்கிறதா?

அடுத்த நாள் கந்தோருக்குப் போகிற வழியில் ஸ்கூட்டிக்குக் காற்று அடிக்கிற கடையில் நின்று கேட்டேன். கடைக்காரர் பெரிய ஞானிபோல் தலையை ஆட்டினார். “குளிர் டயருக்கு நல்லதெல்லோ அக்கா. வெய்யில்தான் அதுக்கு எமன். அங்கை உள்ளவங்களுக்குக் காசு கூடிப்போய் டயர் மாத்துறாங்கள். காத்தைக் கொஞ்சம் குறைச்சு ஓடச் சொல்லுங்கோ, மணலிலை நாங்கள் ஓடுறமாதிரி.” அவ்வளவு உறுதியாகச் சொன்னதில் எனக்கு நிம்மதியாய்ப் போய்விட்டது. கந்தோரில் கதிரையில் இருந்தபிறகுதான், இந்த மனிதர் பனியை எங்கே கண்டார் என்ற யோசனை வந்தது. நான் மட்டும் எங்கே கண்டேன்? யாரை நம்புவது, யாரை விடுவது?

அன்று பின்னேரம் தம்பி வழக்கம்போல் வேலைக்குப் போகமுன் போன் எடுத்தான். அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று நான் போனைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். அம்மா அறிந்தால் மகன் சொல்வதுதான் சரி, துடக்குத் துடக்குத்தான் என்று நிற்பார் என்பது என் எண்ணம்.

“டேய், உனக்கென்ன விசரே? துடக்குக்கும் டயருக்கும் என்னடா சம்பந்தம்?”

“புதுசுதானே அக்கா.”

“புதுசெண்டா? நீ அரிசி வாங்கேல்லையோ? சவுக்காரம் வாங்கேல்லையோ?”

“அது முடியிற சாமான். இது வாகனத்துக்குப் பூட்டுறது. சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு, நசுக்கி ஏத்தித்தானே ஓடுறது. துடக்குக்குள்ளை அது செய்யேலாது.”

“டயருக்கு ஆரடா தேசிக்காய் வைக்கிறது? வாகனம் புதுசு எடுத்தால்தானே வைக்கிறது?”

“நான் வைக்கிறனான்” என்றான். “ஒவ்வொரு வருசமும் வின்டர் டயர் பூட்டினவுடனை வைக்கிறனான். அப்பாதான் சொல்லுவார். நான் போனைப் பிடிப்பன், அவர் இருந்து பாத்து, அதை அங்காலை தள்ளு, இதை இஞ்சாலை தள்ளு எண்டு சொல்லுவார். நாலுக்கும் வைச்சு ஏத்தினாப்பிறகுதான் போனை வைப்பார்.”

நான் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்துவிட்டேன். ஒரே வீட்டுக்குள் இருந்த எனக்கு இந்தக் கதை தெரியாது. அப்பா போனைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனால் அரசியல் கதைக்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். கனடாவில் குளிருக்கு டயர் மாற்றவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஏன் சொல்லவில்லை என்று செத்த மனிதரோடு கோபப்பட்டேன். அது ஒரு பக்கம். மறுபக்கம், அப்பா இருந்திருந்தால் இந்த நேரம் என்ன சொல்லியிருப்பார்? “போடடா டயரை” என்று சொல்லியிருப்பாரா, “துடக்கு முடியட்டும்” என்றிருப்பாரா? போடத்தான் சொல்லியிருப்பார் என்று ஒரு நிமிஷம் தோன்றும், இல்லை என்று அடுத்த நிமிஷம் தோன்றும்.

“அந்தியேட்டி முடிஞ்ச அடுத்த நாளே போடுறன் அக்கா. அதுவரைக்கும் மெதுவா ஓடுவன்.”

“அதுக்குள்ளை பனி கொட்டினா?”

“கொட்டாது.”

“நீ என்ன பனிக்கு முதலாளியோ?” என்று கத்தினேன். அவன் வைத்துவிட்டான்.

இனிக் குருக்களைக் கேட்பது ஒன்றுதான் வழி என்று நினைத்தேன். அந்தியேட்டி செய்கிற சைவக்குருக்கள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் தம்பி என்ன மறுப்புச் சொல்ல முடியும்? மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை காலை ஸ்கூட்டியை எடுத்தேன். அவர் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை சீமெந்து போட்டது, மழைக்குப் பச்சையாய்ப் பாசி பிடித்துக் கிடந்தது. திருப்பத்தில் ஒரு மாடு நடு ஒழுங்கையில் படுத்திருந்தது. பிரேக்கைப் பிடித்தேன். சில்லு நின்றது. ஸ்கூட்டி நிற்கவில்லை. என்னையும் கொண்டு அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. கைகள் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடி இருந்தன, அதனால் ஒரு பயனும் இல்லை. ஐயோ என்று கத்தவும் நேரம் இல்லை. மாட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த கிடுகு வேலிக்குள் விழுந்தேன். மாடு எழும்பக்கூட இல்லை.

முழங்காலில் இரத்தம், சட்டை கிழிசல். அதெல்லாம் ஒன்றும் இல்லை. தம்பியின் மனைவி சொன்னது அப்போதுதான் விளங்கியது, அதுவும் முழங்காலால் விளங்கியது. எனக்கு ஒரு மாடும் ஒரு வேலியும். அவனுக்கு அங்கே முன்னுக்கு லொறி, பின்சீட்டில் பிள்ளை. கடவுளே, இவன் தினமும் காலையில் இப்படித்தான் போகிறானா?

நொண்டிக்கொண்டு குருக்கள் வீட்டுப் படலைக்குப் போனேன். துடக்குக்காரி உள்ளே போகக்கூடாது, ஒழுங்கையிலேயே நின்று கூப்பிட்டேன். அவர் வந்து என் கோலத்தைப் பார்த்துப் பதறினார். நான் காலை விட்டுவிட்டு டயரைத்தான் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார், நெற்றியைச் சொறிந்தார்.

“வாகனம் பழசுதானே?”

“ஓம் ஐயா, பழசு.”

“அப்ப சில்லு மட்டும் புதுசு. ம்... சில்லும் வாகனத்திலை ஒரு அங்கம்தானே. அது தோலோ, ரப்பரோ?”

“ரப்பர் ஐயா.”

“எனக்கும் வடிவாச் சொல்லத் தெரியேல்லைப் பிள்ளை. இப்பிடி ஒருத்தரும் இதுவரை கேக்கேல்லை. அங்கை கோவில் இருக்குத்தானே, அந்தக் கோவில் குருக்களைக் கேக்கச் சொல்லும்.” திரும்பிப் போனவர் ஏதோ நினைவு வந்து மறுபடி படலைக்கு வந்தார். “மற்றது, அந்தியேட்டிக்குக் குடை, செருப்பு, பாய், செம்பு எல்லாம் வாங்கி வைச்சிடும். அப்பா நடந்து போற வழிக்குக் குடுக்கிறது. பழசு கூடாது, புதுசா வாங்கும்.”

நானும் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்ன சொன்னார் என்பது காதில் விழுந்தது, மண்டையில் விழவில்லை. ஊர்காவற்றுறைக்குப் போய் அப்பாவின் அளவுக்கு ஒரு செருப்பு, கறுப்புக் குடை, பாய், செம்பு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தேன். செருப்புக் கடையில் அளவு கேட்டபோது சொல்லத் தெரியாமல் நின்றேன், என் கையை விரித்து இவ்வளவு என்று காட்டினேன். அந்தக் கடைக்குள் நின்று அழுதுவிடுவேன் போல இருந்தது.

வீட்டில் அம்மா என் முழங்காலைக் கண்டு சத்தம் போட்டார். மருந்து போட்டுக் கட்டிக்கொண்டே, “எங்கை போய் விழுந்தனி? உண்மையைச் சொல்லு” என்றார். இனி மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. டயர், தேய்ந்து போனது, துடக்கு, தேசிக்காய், குருக்கள், மாடு, எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னேன். அம்மா, நான் வாங்கி வந்த பையை இழுத்துச் செருப்பை வெளியே எடுத்தார், திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவருக்கு இது ஒரு சுண்டுவிரல் பெரிசு” என்றார்.

அம்மா விளங்கிக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். விளங்கினாலும் மகன் பக்கம்தான் நிற்பார் என்றும் நினைத்தேன். பின்னேரம் தம்பி எடுத்தான். காருக்குள் இருந்தான், இன்னும் வெளிக்கிடவில்லை. அவன் தோளுக்கு மேலால் கார்க் கண்ணாடி தெரிந்தது, அதில் வெள்ளையாய் ஏதோ படிந்து கிடந்தது. “அது என்னடா?” என்று கேட்டேன். “ஒண்டுமில்லை, விடிய ஒரு சொட்டுப் பனி கொட்டினது” என்றான். வாயைத் திறந்து ஏசத் தொடங்குவதற்குள் அம்மா போனைப் பறித்துவிட்டார்.

“தம்பி, இதைப் பார்” என்று செருப்பைப் போனுக்கு முன்னால் பிடித்தார். “இது பழசோ புதுசோ?”

“புதுசு அம்மா.”

“குடை?”

“அதுவும் புதுசுதான்.”

“துடக்கு வீட்டுக்குள்ளைதானே கிடக்கு? ஆரும் பிழை சொன்னவையோ? அவருக்கெண்டு வாங்கினதுக்குத் துடக்கில்லை. நீயும் அவருக்கெண்டு வாங்கு. அப்பாவுக்கெண்டு சொல்லி நாலு டயரை வாங்கிப் பூட்டு.”

தம்பியின் படம் அசையாமல் நின்றதால் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அவன் வாய் கோணியது.

“அங்கை கொள்ளி வைக்கேக்கை நான் இஞ்சை போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் அம்மா. ஒண்டும் செய்யேல்லை. ஒரு பிடி அரிசி போடேல்லை. இந்தத் துடக்கு ஒண்டுதான் அவருக்கு நான் செய்யிறது. இதையும் உடைச்சா நான் என்னத்துக்கு மகன்?”

இவ்வளவு நாளும் டயரைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறேன் என்று நினைத்தேனே, விசரி! அவன் சொன்னதும் சரியாய் இருந்தது, அவன் மனைவி சொன்னதும் சரியாய் இருந்தது. இரண்டும் சரியாய் இருந்தால் ஒரு மனிதன் என்ன செய்வது?

அம்மாவுக்கு அந்தக் குழப்பம் ஒன்றும் இருக்கவில்லை. போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சொன்னார்.

“இஞ்சை பார் தம்பி. அவருக்குக் காக்கிற துடக்கோடை எனக்குக் காணும். உனக்கும் ஒரு துடக்குக் காக்க எனக்குச் சீவன் இல்லை. என்ரை பேத்திக்கும் சேத்துக் காக்கச் சொல்லுறியோ?”

செத்தவீட்டில் இப்படி ஒரு பேச்சா! நான் “சிவசிவா, என்னணை கதைக்கிறியள்” என்று அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் உதறிவிட்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பிறகு மெதுவாய், “ஓம்” என்றான். போன் அணைந்தது.

அவன் பூட்டினானா இல்லையா என்று அன்று முழுவதும் ஒரே அந்தரம். திரும்பக் கேட்டால் பிடிவாதம் கூடிவிடுமோ என்று பயம், கேளாமல் இருக்கவும் ஏலாது. அடுத்த நாள் அவன் மனைவியிடமிருந்து ஒரு படம் வந்தது. நாலு டயரும் காரில் ஏறியிருந்தன. பின்னுக்கு இரண்டு மட்டும் போட்டால் காணாதாம், நாலும் ஒரே மாதிரி இருந்தால்தான் கார் ஒரு பக்கம் இழுபடாமல் நிற்குமாம், கடையில் அப்படித்தான் சொன்னார்களாம். தேசிக்காய் வைத்தானோ என்று கேட்டேன். இல்லை, டயரைத் தொட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவர் என்று எழுதியிருந்தாள். கையை வைத்துப் பார்த்தவன் குளிருக்குள் அது மெத்தென்று இருக்கிறதா என்று பார்த்தானோ, வேறு எதையும் நினைத்தானோ, எனக்கென்ன தெரியும்.

அந்தியேட்டிக்கு முந்தின வாரம். அரிசி புடைத்துக்கொண்டிருந்தோம். தம்பி எடுத்தான், படம் இல்லை, குரல் மட்டும். மூச்சு வாங்கியது.

“அக்கா, ரோட்டோரமா நிப்பாட்டிப்போட்டு எடுக்கிறன். சந்தியிலை சிவப்பு விழுந்தது. பிரேக் அடிச்சனான். எனக்குப் பக்கத்திலை வந்த கார் நிக்கேல்லை அக்கா. அப்பிடியே வழுக்கிக்கொண்டு சந்திக்குள்ளை போய் இடிபட்டிட்டுது. அந்த ஆள் கதவைத் திறந்து இறங்கிட்டான், ஒண்டுமில்லை. என்ரை கார் நிண்டிட்டுது. நிண்டிட்டுது அக்கா.”

“பிள்ளை?” என்று கேட்டேன்.

“பின்னுக்கு இருக்கிறாள். ஒண்டுமில்லை. நிண்டிட்டுது...”

அப்பா செத்த செய்தியைச் சொன்ன அன்றும், கொள்ளி வைத்ததைப் பார்த்த அன்றும் தம்பி அழவில்லை. இப்போது அழுதான். பெரிய ஆம்பிளை வாய்விட்டு, “அப்பா, அப்பா” என்று அழுதான். தகப்பன் அழுவதைக் கண்டு பின்சீட்டில் இருந்த சின்னதும் பயந்துபோய், “அப்பா, அப்பா” என்று கத்தி அழத் தொடங்கியது.

அம்மா சுளகை வைத்துவிட்டு எழும்பி வந்து போனில் காதை வைத்தார்.

“பிள்ளை, ஆரது அப்பா எண்டு அழுறது? அவனே, பேத்தியே?”

“ரெண்டு பேருமணை” என்றேன்.

நான் போனை வைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “வைக்காதை, அழட்டும்” என்றார்.